வன்னியம்பட்டி மேடையின் பொருளும் மூலமும்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலையாயது எது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் நெருப்பு என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் சக்கரம் என்பார்கள். இரண்டும் தவறு. மேடைதான். நெருப்பைக் கண்டுபிடித்தவன் அந்தச் செய்தியை நாலு பேருக்குச் சொல்ல ஒரு பாறை மேல் ஏறி நின்றிருப்பான் அல்லவா? அந்தப் பாறைதான் முதல் மேடை. அவனுக்குப் பிறகு ஏறியவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பேசுவதை நிறுத்தவும் இல்லை.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துரைத்த பெருமை ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்கிவந்த ஓர் அலுவலகத்தைச் சேரும். அதன் பெயரைச் சொல்வதற்கில்லை. சொன்னால் அதே தகுதி படைத்த மற்ற அலுவலகங்கள் மனம் வருந்தும். அந்த அலுவலகத்தை இந்த மகத்தான ஆராய்ச்சியில் இறக்கிவிட்டவர் வன்னியம்பட்டி ஐயாதுரை. அவர் ஆராய்ச்சிக்கு ஆசைப்பட்டவர் அல்ல. அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் நாலடி உயரத்தில் ஓர் எரிமேடை.

ஐயாதுரை ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை ஒன்றில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி இசக்கியம்மாள் எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். ஊர்ச் சுடுகாடு ஓடைக்கரையில் பள்ளத்தில் இருந்தது. சித்திரையில் செத்தவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசியில் செத்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். அன்று கொள்ளி வைத்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. வரட்டி ஊறிப்போயிற்று. ஓடைத் தண்ணீர் ஏறி ஏறிச் சிதையின் காலடியைத் தொட்டது. ஐயாதுரையும், ஊரில் சங்கு ஊதுகிற சங்கையாவும், இன்னும் இரண்டு பேரும் ஆளுக்கொரு தகரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மத்தியானத்திலிருந்து பொழுது சாய்கிறவரை நின்றார்கள்.

பிள்ளை இல்லாததால் கொள்ளி வைத்தவர் ஐயாதுரைதான். வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் போய்க் குளிக்க வேண்டும் என்பது வழக்கம். அவர் அன்று திரும்பிப் பார்த்தபடியேதான் நிற்க வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளை ஒழுங்காக அனுப்பி வைக்க முடியவில்லையே என்ற வேதனை அவருக்கு அப்புறம் தீரவே இல்லை.

குளித்துவிட்டுத் திரும்பும்போது சங்கையா சொன்னார்: "ஏலே ஐயாதுரை, எனக்கும் இளைப்பு இருக்கு. நான் எந்த மாசம் போவேன்னு யாருக்குத் தெரியும்? என்னைய இப்பிடி நனைய விட்டுறாதடே."

"விட மாட்டேன்" என்றார் ஐயாதுரை. "மேடை கட்ட வச்சிருதேன்."

"அப்ப மேடை வாரது வரைக்கும் நானும் போகல."

இப்படியாக, ஒருவர் சாவதை ஒத்திவைத்தார். மற்றவர் மனு எழுதினார்.

மனு சுருக்கமானது. எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் நாலடி உயரம், எட்டடி நீளம், மேலே தகரக் கூரை போட்டு ஓர் எரிமேடை கட்டித்தர வேண்டும் என்பது அதன் முழு உள்ளடக்கம். அலுவலர் காசிராஜன் அதை மூன்று தடவை படித்தார். அறிவாளிகள் எளிய விஷயங்களைப் படிக்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு வலி தெரியும். அது தெரிந்தது.

"எரிமேடைன்னா?"

"பொணத்த வச்சு எரிக்கிற மேடைங்கய்யா."

"அது புரியுது. மேடைன்னா என்ன?"

ஐயாதுரை கையை இடுப்புக்கு மேலே தூக்கிக் காட்டினார். "உசரமா இருக்கும்லாங்கய்யா…"

"எம்புட்டு உசரம்?"

"நாலடி."

"மூணே முக்கால் அடி இருந்தா மேடை இல்லையா?"

"அதுவும் மேடைதாங்கய்யா."

"ஒரு அடி?"

"அதுவும்…"

"ஒரு செங்கல் கனம்?"

ஐயாதுரை விரலை விரித்து ஒரு செங்கலின் கனத்தைக் காற்றில் அளந்து பார்த்தார்.

"பாத்தீரா, உமக்கே தெரியல. பொருள் தெரியாத ஒண்ண ஆபீஸ் எப்படிய்யா கட்டும்?"

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பரிபூரணம் தலையைத் தூக்காமல், "பொருள் தெரிஞ்சு இதுவரைக்கும் எதக் கட்டியிருக்கோம் சார்?" என்றாள். நல்லவேளையாக டைப் மெஷின் அந்த அலுவலகத்தில் எல்லாவற்றையும்விடச் சத்தமாக இருந்தது.

சிக்கல் உண்மையானதுதான். அலுவலக நடைமுறைப்படி மேடை என்றால் விழாப் பிரிவு. எரிப்பது என்றால் விறகுப் பிரிவு. எரிமேடை எந்தப் பிரிவு என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆகவே 1983 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், "மேடைச் சொற்பொருள் மற்றும் மூலம் காணும் குழு" உதயமாயிற்று. காசிராஜன் அமைப்பாளர். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் புலவர் சீனிச்சாமி ஆய்வாளர். ஐயாதுரை வேலை பார்த்த ஆலையின் அதிபர் சுப்புராஜ் புரவலர்.

முதல் கூட்டத்திலேயே புலவர் ஓர் அடிப்படைக் கேள்வியைக் கிளப்பினார். மேடை என்றால் என்ன என்றே முடிவாகாத நிலையில் குழுவினர் மேடையில் அமர்வது முறையாகுமா? நாற்பது நிமிட விவாதத்துக்குப் பிறகு, "பொருள் தெளியும்வரை தற்காலிகமாக" அமரலாம் என்று தீர்மானம் நிறைவேறிற்று. உட்கார்ந்தார்கள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

"மேடு என்பதிலிருந்து வந்தது மேடை" என்றார் புலவர். "நிலம் உயர்ந்தால் மேடு. மனிதன் உயர்த்தினால் மேடை."

சுப்புராஜ் தொண்டையைச் செருமினார். "அய்யா, எங்க வீட்டுல தெலுங்குதான். மேடன்னா எங்களுக்கு மாடி வீடு. 'மேட மீத உன்னாரு'ன்னா மாடி மேல இருக்காருன்னு அர்த்தம். அதனால வார்த்தை எங்ககிட்ட இருந்து வந்திருக்கலாம்லா?"

"மாடிக்கு முந்தியது மேடு!"

"மேட்டுல போயி யாருய்யா குடியிருக்கா?"

இந்த ஒரு விஷயத்தில் மூன்று வருஷம் ஓடிற்று. புலவர் மேட்டை விடவில்லை. சுப்புராஜ் மாடியை விட்டு இறங்கவில்லை. கடைசியில் காசிராஜன்தான் சமரசம் கண்டார். மேடும் உயரம், மாடியும் உயரம். ஆகவே இரு மொழியினரும் உயரத்தைப் போற்றுபவர்கள் என்று அவர் சொன்னபோது எல்லோர் கண்ணிலும் நீர் துளிர்த்தது. அப்போது பால்கோவா வந்தது.

மூலம் கிடைத்ததும் பொருளைத் தேடிக் கிளம்பினார்கள். அவர்களுடைய கள ஆய்வைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். முதலில் காசிராஜன் வீட்டு அடுப்பு மேடை அளக்கப்பட்டது. இரண்டடி எட்டு அங்குலம். காசிராஜனின் துணைவியார் அன்று சமைக்க முடியாததால் குழு வெளியே சாப்பிட்டது. கூமாப்பட்டியில் ஒரு கிணற்று மேடை அளக்கப்பட்டது. அணைக்கட்டும் ஒரு வகையில் மேடைதானா என்று அறிய பிளவக்கல்லில் இரண்டு நாள் தங்கினார்கள். இல்லை என்பதும் மீன் நன்றாக இருந்தது என்பதும் தெரியவந்தன. ராஜபாளையம் ரயில் நிலையத்தின் நடைமேடையில் ஒரு பகல் முழுக்க நின்ற புலவர், "இதில் நடப்போரைக் காட்டிலும் படுத்திருப்போரே மிகுதி, பெயரை மறுபரிசீலனை செய்யலாம்" என்று குறிப்பு எழுதினார்.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஷிஃப்ட் முடிந்ததும் ஐயாதுரை பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்கு வருவார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்கும். பரிபூரணம் அவருக்கு நிலவரம் சொல்வாள்.

"அண்ணாச்சி, மணமேடை வந்திருச்சு. பலிமேடை வந்திருச்சு. நிலாமேடைன்னு ஒண்ணாம், அதுவும் வந்திருச்சு."

"எரிமேடை?"

"அது இன்னும் வரல அண்ணாச்சி."

"தூக்குமேடை வந்திருச்சாம்மா?"

"வந்திருச்சு."

"செத்தவனுக்கு இல்ல, சாவப்போறவனுக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு ஐயாதுரை பஸ்ஸுக்குப் போவார்.

வன்னியம்பட்டியில் இதற்குள் ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. புரட்டாசியில் யாராவது படுத்தால், பார்க்க வருகிறவர்கள் "எப்பிடியாச்சும் தைக்குத் தள்ளிப் போட்டுருங்க" என்று தைரியம் சொன்னார்கள். சிலர் பெருந்தன்மையோடு தள்ளிப்போட்டார்கள். முடியாதவர்களுக்குத் தகரம் பிடித்தார்கள். சங்கையா ஒவ்வொரு மழைக்காலத்தையும் இழுத்துப் பிடித்த மூச்சோடு தாண்டினார்.

1987 இல் குழு ஐயாதுரையை நேரில் விசாரித்தது. இது வாய்மொழிச் சான்று எனப்படும். அவரைக் கீழே நிறுத்திவிட்டு மூவரும் மேலே அமர்ந்திருந்தார்கள்.

"மேடை என்பது ஏறுவதற்குரியது" என்று ஆரம்பித்தார் புலவர். "பிணம் ஏறுமா?"

"ஏறாதுங்கய்யா. நாலு பேரு தூக்கி ஏத்துவோம்."

"தானாக ஏற முடியாத ஒன்றை ஏற்றிவைக்கும் இடம் எப்படி மேடையாகும்?"

"கூட்டத்துக்கு வாற தலைவருங்களும் அப்பிடித்தானங்கய்யா? ரெண்டு பேரு கக்கத்துல கையக் குடுத்து ஏத்தி விடுதாவ."

புலவர் எழுதுவதை நிறுத்தினார். காசிராஜன் குறுக்கிட்டார். "மேடையில இருக்கவரு பேசணும்யா. பிணம் பேசுமா?"

"பேசாதுங்கய்யா" என்றார் ஐயாதுரை பயபக்தியோடு. "அதனாலதான் சீக்கிரம் முடிஞ்சிரும்."

சான்று நிராகரிக்கப்பட்டது.

1989 கடைசியில் அதிசயம் நடந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் மார்ச்சுக்குள் ஒரு மேடையாவது கட்டியே தீர வேண்டும் என்று மேலேயிருந்து தாக்கீது வந்தது. எதற்கு மேடை என்று தாக்கீதில் இல்லை. அலமாரி முழுவதும் தேடியதில் மேடை கேட்டு வந்திருந்த மனு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காசிராஜன் அதன் மேல் படிந்திருந்த தூசியைத் தட்டி, "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதினார்.

ஐயாதுரை அன்று சங்கையாவுக்கு அரைக் கிலோ பால்கோவா வாங்கிப் போனார். "ஏலே, மேடை வருது!" என்றார். சங்கையா பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டு, "அப்ப நான் தயாராகலாம்டே" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சங்கையாவுக்கு இருமல் வந்து, சிரிப்பு நிற்க ரொம்ப நேரமாயிற்று.

ஆனால் கட்டினால் போதுமா? திறக்க வேண்டாமா? திறப்பாளர் இல்லாத கட்டடம் அரசாங்க ஏட்டில் கட்டடமே அல்ல. அந்த வட்டாரத்தில் மேடை ஏறுவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டிருந்த தலைவர் வைகுண்டராஜை அணுகினார்கள்.

"சுடுகாட்டுக்கா?" என்றார் தலைவர். "அங்க நான் ஒரு தடவதான் வாரதா இருக்கேன். அதுக்கும் இப்ப அவசரமில்ல."

இந்த நியாயம் காசிராஜனுக்கு உடனே புரிந்தது. தலைவர் மேடைக்கு வர முடியாது என்றால், மேடைதான் தலைவரிடம் வர வேண்டும். எனவே எரிமேடை சுடுகாட்டுக்குப் பதிலாக, மெயின் ரோட்டில், வன்னியம்பட்டி விலக்கு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கட்டப்பட்டது. திறப்பு விழா முடிந்தவுடன் சுடுகாட்டுக்கு "இடமாற்றம் செய்யப்படும்" என்று கோப்பில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

"சிமிண்டு மேடைய எப்பிடிங்கய்யா தூக்கிட்டுப் போறது?" என்று கேட்டார் ஐயாதுரை.

"அது அடுத்த கட்டம்" என்றார் காசிராஜன். "இப்பவே எல்லாத்தையும் போட்டுக் குழப்பாதீரும்."

மற்றபடி வரைபடத்தில் ஒரு அங்குலமும் மாறவில்லை. நாலடி உயரம். எட்டடி நீளம். தெற்கே தலைமாடு. நாலு இரும்புத் தூண், மேலே தகரக் கூரை. விறகு சரியாமலிருக்க இரு பக்கமும் கம்பி. அதைத் தலைவர் பிடித்துக்கொண்டு பேசலாம். சாம்பல் விழ நடுவில் ஒரு பள்ளம்; வெற்றிலை துப்பத் தோதாக இருந்தது. இவ்வளவு பொருத்தமான மேடை தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடையாது என்று தலைவரே பாராட்டினார்.

திறப்பு விழா தை மாதம் நடந்தது. "எளிமையாக இருக்கட்டும்" என்று தலைவர் சொல்லியிருந்ததால் பொன்னாடைக்குப் பதிலாகச் சுப்புராஜ் தன் ஆலையின் பேண்டேஜ் துணியை இரண்டு கட்டு அனுப்பினார். ஐயாதுரையின் தறியில் ஓடிய துணி. வெள்ளை வெளேரென்ற புதுத்துணியை ஒவ்வொருவர் மேலும் போர்த்தி, கழுத்தில் ரோஜா மாலை போட்டு, தெற்கே தலைமாட்டில் வரிசையாக உட்கார வைத்தார்கள். வேட்டுப் போட்டார்கள். ஊரிலிருந்த ஒரே மேளம் முழங்கிற்று. சங்கொலியோடு வரவேற்க வேண்டும் என்று காசிராஜன் ஆசைப்பட்டதால் சங்கையாவும் அழைக்கப்பட்டார். அவருக்கு ஊதத் தெரிந்தது ஒரே ஒரு விதம். அதை ஊதினார்.

வன்னியம்பட்டி ஆண்கள் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு, கை கட்டி, தலை குனிந்து நின்றார்கள். ஏழு வருஷமாக அது எரிமேடை என்று அவர்களுக்குத் தெரியும். மாலையும் கோடித் துணியுமாக அதில் இருப்பவர்கள் முன்னால் வேறு எப்படி நிற்பது என்று அவர்களுக்குத் தெரியாது. வந்தவர்களை யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை. முடிந்து போகும்போது யாரும் "வாரேன்" என்றும் சொல்லவில்லை. சாவு நடந்த துஷ்டி வீட்டு முறை அதுதான். தலைவர் நெகிழ்ந்துபோனார். "இம்புட்டு அடக்கமான கூட்டத்த நான் எங்கயும் பாத்ததில்ல" என்று மைக்கிலேயே சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த மேடை ஓய்ந்ததே இல்லை. சிறுசேமிப்பு வாரம், கண்ணொளி வாரம், மரம் நடு வாரம், எல்லாம் அங்கேதான். ஐயாதுரை மாதாமாதம் வெள்ளிக்கிழமை வந்து இடமாற்றத்தைப் பற்றிக் கேட்டார். இடமாற்றம் என்ற சொல்லின் பொருளை ஆராய ஒரு குழு யோசனையில் இருப்பதாகப் பரிபூரணம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க ஐயாதுரைக்குக் கஷ்டமாக இருந்தது.

ஐப்பசி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சங்கையா போய்விட்டார். எட்டு மழைக்காலம் தாக்குப் பிடித்தவர். மேடைதான் கட்டியாயிற்றே என்ற நம்பிக்கையில் போனாரோ என்னவோ.

முந்தின நாளே மழை கொட்டத் தொடங்கியிருந்தது. ஓடை கரைபுரண்டு சுடுகாடு இருந்த இடமே தெரியவில்லை. தகரம் பிடிக்கக்கூடக் கால் ஊன்ற இடமில்லை. நனைய விட மாட்டேன் என்று ஐயாதுரை சொல்லியிருந்தாரே. பாடையைத் தூக்கச் சொன்னார்.

"எங்கண்ணே?" என்று கேட்டார்கள்.

"நம்ம மேடைக்கு" என்றார்.

விலக்குக்கு வந்தால், மேடை நிரம்பியிருந்தது. அன்று குழுவின் ஏழாண்டு உழைப்பின் கனியான "மேடை: பொருளும் மூலமும்" என்ற நானூற்றுப் பன்னிரண்டு பக்க நூல் வெளியீட்டு விழா. மாலையும் வெள்ளைத் துணியுமாகத் தலைவரும், காசிராஜனும், புலவரும், சுப்புராஜும், இன்னும் ஐந்து பேரும் தகரக் கூரைக்கடியில் உலர்வாக இருந்தார்கள். நூல்கட்டுகளும் உலர்வாக இருந்தன. கூட்டம் என்று சொல்ல பஸ்ஸுக்கு நின்ற நாலு பேரும், குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற பரிபூரணமும்தான்.

ஐயாதுரை கூரையின் கீழே வராமல் மழையில் நின்றே கும்பிட்டார். "ஐயா, சங்கையா இறந்துட்டான். ஓடையில எடமில்ல. செத்த நேரம் எறங்கிக் குடுத்தியன்னா பொழுதுக்குள்ள முடிச்சிருவோம்."

மைக்கின் முன்னால் நின்றிருந்த காசிராஜன் பாடையைப் பார்த்தார். பண்பாளர் அல்லவா, உடனே குரல் தழுதழுத்தது. "நமது மேடைக்கு முதல் சங்கு ஊதிய அமரர் சங்கையாவுக்கு இரண்டு நிமிட மவுன அஞ்சலி" என்று அறிவித்தார். ஒன்பது பேரும் கூரைக்கடியில் தலைகுனிந்து நின்றார்கள். சங்கையா மழையில் கிடந்தார். இரண்டு நிமிடம் முடிந்ததும் காசிராஜன் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். "அடுத்து, இந்நூல் கூறும் பத்தொன்பது பொருள்கள் குறித்து…"

"ஐயா, அதுல எரிமேடை இருக்கா?" என்றார் ஐயாதுரை.

காசிராஜன் நூலைப் புரட்டுவதுபோலப் புரட்டினார்.

"இல்ல அண்ணாச்சி" என்றாள் பரிபூரணம் சத்தமாக. அன்று அவள் பக்கத்தில் டைப் மெஷின் இல்லை. "நான்தான் டைப் அடிச்சேன். அமங்கலமான சொல்லுன்னு எடுத்துட்டாவ."

ஐயாதுரை திரும்பி ஊர்க்காரர்களைப் பார்த்தார்.

"சரி. வரிச முறைப்படி ஆகட்டும். நமக்கு முந்தி மேல ஒம்போது பேரு காத்துக் கெடக்காவ. மாலை விழுந்துட்டு. கோடி போட்டாச்சு. தலமாடும் தெக்க இருக்கு. மொதல்ல அவியளுக்கு முடிப்போம், பொறவு சங்கையாவுக்கு."

வன்னியம்பட்டியார் முறை தெரிந்தவர்கள். துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டினார்கள். சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவந்திருந்த வரட்டியை எடுத்து, தலைவர்களின் காலைச் சுற்றி நிதானமாக அடுக்க ஆரம்பித்தார்கள். ஐந்தாறு பேர் மேடையை இடப்பக்கமாகச் சுற்றினார்கள். ஐயாதுரை ஈரத் துண்டிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்துக்கொண்டு காசிராஜனை நெருங்கினார்.

"என்னய்யா பண்ணுத?"

"வாய்க்கரிசிங்கய்யா. நல்லவேளையா வாயத் தொறந்தே வச்சிருக்கிய."

காசிராஜன் வாயை மூடினார். அந்த அலுவலக வரலாற்றில் அது முக்கியமான நிகழ்ச்சி.

"ராமச்சந்திரா!" என்று சுப்புராஜ்தான் முதலில் குதித்தார். "நேனு இங்க்க வெள்தானு!" என்று அவர் தெலுங்கில் விடைபெற்றது, அவர் கீழே வந்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கேட்டது. யாரோ கொள்ளிக்குடம் உடைக்க ஒரு சின்னக் குடம் கொண்டுவந்திருந்தார்கள். அதில் தண்ணீர் நிரப்புவதைக் கண்டதும் தலைவர் வைகுண்டராஜ், இரண்டு பேர் கை கொடுக்காமல், தன் பொதுவாழ்வில் முதல்முறையாகத் தானாகவே மேடையை விட்டு இறங்கினார். மேட்டிலிருந்து வந்ததா, மாடியிலிருந்து வந்ததா என்று மூன்று வருஷம் வாதாடிய புலவர், நாலடி உயரம் என்றால் எவ்வளவு என்பதை முழங்காலால் அறிந்துகொண்டார். வெள்ளைத் துணி கம்பியில் மாட்டிக் கிழிந்தது. கிழிந்தது உபயோகப்பட்டது. புலவருக்குக் கட்டினார்கள்.

அவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமாகப் பறந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முறை அதுதான்.

சங்கையாவை மேடையில் ஏற்றினார்கள். சாக்கு மூடியிருந்தும் வரட்டி ஈரம் இழுத்திருந்தது, விறகு நனைந்தே போயிருந்தது. பற்றவைக்க ஏதாவது காய்ந்ததாக வேண்டும். நூல்கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த பரிபூரணம் சொன்னாள்: "எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. அதுல உங்க மேடைதான் இல்ல. உங்க மேடையிலயாச்சும் அது இருக்கட்டும்." நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் நன்றாகப் பிடித்தன. ஏழு வருஷ ஆராய்ச்சி வீண்போகவில்லை என்பதை இங்கே நன்றியோடு பதிவு செய்கிறோம்.

தகரத்தின் மேல் மழை கொட்டியது. கீழே சங்கையா ஒரு சொட்டும் நனையவில்லை. ஐயாதுரை அழுதார். யாருக்காக என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சிது. எல்லாரும் திரும்பிப் பாக்காமப் போங்க" என்றார். அவரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அரசாங்க அலுவலகம் என்றால் மெத்தனம் என்று பேசுகிறவர்கள் அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஏழு வருஷம் எடுத்துக்கொண்டவர்கள் இதற்கு இரண்டே நாள்தான் எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை, ஷிஃப்டுக்குப் போக ஐயாதுரை விலக்குக்கு வந்தபோது மேடை சுத்தமாகக் கழுவி வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. தூணில் ஒரு புதுப் பலகை. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பஸ் வருவதற்குள் படித்து முடித்துவிட்டார்.

"எச்சரிக்கை. இது எரிமேடை. இங்கே பிணங்களை எரிக்கக் கூடாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

பஸ் வந்தது. ஏறும்போது கண்டக்டர், "என்ன அண்ணாச்சி, போர்டுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா. மேடைக்கு இப்பதான் சரியான பொருளக் கண்டுபிடிச்சிருக்காவ" என்றார் ஐயாதுரை. "செத்தவன எரிக்கக் கூடாதாம். ஏழு வருசமா செஞ்ச மாதிரி, உசுரோட இருக்கிறவனத்தான் எரிக்கணுமாம்."